சிவாஜிநகரில் ஒரு கிட்டார் தேடி

பெங்களூரில் வாழும் தமிழர்க்குச் சிவாஜிநகரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மல்லிகைப்பூ வாங்கவும் மீன் வாங்கவும் திருமணத்திற்குப் பாத்திரம் வாங்கவும் பழைய வண்டிக்கு உதிரி உறுப்புத் தேடவும் நம்மவர் அங்கேதான் செல்கின்றனர். ஆயினும், எடை குறைந்த மின்கிட்டார் ஒன்றை வாங்குவதற்காக மூன்று சனிக்கிழமைகள் அத்தெருக்களில் அலைந்தவர் நம் சங்கத்தில் எத்தனை பேர் இருப்பர் என்பது ஐயமே. நாம் அவ்வாறு அலைந்தோம். அலைந்ததில் கற்றுக்கொண்டவை சில உண்டு. இக்காலத்தில் பிள்ளைகள் கிட்டார் வேண்டும் என்று கேளாத வீடு அரிதாகிவிட்டமையால், அவற்றை ஈண்டு எழுதுவது நேயர் சிலர்க்கேனும் பயன்படும் என்று கருதுகிறோம்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் மகளுக்கு வயது பதினேழு. மெலிந்த உடல்வாகு. ஈராண்டுகளுக்கு முன் அவள் விரும்பிக் கேட்டாள் என்று ஒரு மின்கிட்டார் வாங்கிக் கொடுத்தோம். தேன் நிறம், பளபளப்பான மேற்பூச்சு, பொன் முலாம் பூசிய திருகுகள். கண்ணைப் பறித்த அழகில் மயங்கி, அதன் எடை என்ன என்று கேட்க நமக்கும் தோன்றவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால், "அந்தத் தோளில் நெடுநேரம் பாரம் தொங்கவிட வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னார். வலக்கையால் மீட்டுவோர்க்குக் கிட்டாரின் தோள்வார் இடது தோளின்மீதுதான் விழும். பத்து நிமிடம் நின்று வாசித்தாலே அவள் முகம் சுருங்கும். ஒருநாள் அதை உறையில் இட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனி வேண்டாம் அப்பா" என்றாள். கல்லூரிக் குழுவிலும் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டாளாம்.

நாம் அதைப் பெரிதாக எண்ணவில்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை. படிக்கும் பெண் படிக்கட்டும் என்றிருந்தோம். மனைவியார்தாம் விடவில்லை. அவர் திருமணமாகி வேலூரிலிருந்து இந்நகருக்கு வந்தபோது ஒரு வீணை கொண்டுவந்தார். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக இருந்த அந்நாளைய வீட்டில் அதைக் கிடத்த இடமில்லை, பரணுக்குச் சென்றது. பெரிய வீட்டுக்கு மாறியபின்னும் அது கீழே இறங்கவில்லை. "என் வீணை பரண்மேல் இருப்பது போதும். இவளுடையது கட்டிலடியில் கிடக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சனிக்கிழமை நாமும் மகளும் சிவாஜிநகருக்குப் புறப்பட்டோம்.

நாம் குடியிருப்பது அல்சூர். அங்கிருந்து, முன்னாளில் குதிரைப்படைச் சாலை என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் பூண்டிருந்து இன்று காமராஜர் பெயர் தாங்கும் சாலையைக் கடந்து, கமர்ஷியல் தெரு வழியாக நடந்தால் சிவாஜிநகர் வந்துவிடும். நடந்து செல்பவர்க்கு இப்பகுதியின் வரலாறு தெருப்பலகைகளிலேயே எழுதிக் கிடக்கிறது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்குக் கொணர்ந்து இங்கே தண்டு அமைத்தனர். சென்னைப் படையின் சிப்பாய்களோடு வணிகரும் ஒப்பந்தக்காரரும் கொத்தரும் சமையற்காரரும் தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாக ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து, வந்து குடியேறினர். பிளாக்பள்ளி என்று வழங்கிய இடமே பின்னர்ச் சிவாஜிநகர் ஆயிற்று. நாராயண பிள்ளை தெரு, வீர பிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு என்னும் பெயர்களைப் படித்துக்கொண்டே செல்கையில் வேலூர்க் கடைத்தெருவில் நடப்பதுபோலவே இருக்கும். தண்டும் பழைய நகரும் தனித்தனி ஆட்சியின்கீழ் இருந்து, 1949இல்தான் ஒரே மாநகராட்சி ஆயின.

படை வந்த இடத்திற்குப் பேண்டு வாத்தியமும் வரும். மேனாட்டு இசைக்கருவிகள் இத்தண்டுப் பகுதியினர்க்கு அயலானவை அல்ல. 1882இல் கட்டி முடிக்கப்பெற்ற புனித மரியன்னை பேராலயத்தின் கூர்ங்கோபுரம் இன்றும் சிவாஜிநகரின் அடையாளம். செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழாவின்போது அப்பகுதியில் கால்வைக்க இடமிராது. தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் கிட்டார் என்பது நம் வீட்டு ஆர்மோனியப் பெட்டி போலப் பழகிப்போன பொருள். இவ்வளவும் அறிந்திருந்தும், நல்ல கிட்டார் எது என்று கேட்க முதற்கண் நாம் சென்றது கண்ணாடி அலமாரி மின்னும் பெரிய கடைக்குத்தான். வழக்கமான அறியாமை!

அங்கே ஓர் இளைஞர் நம்மை வரவேற்று, "பாப்பாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று கேட்டார். எடை குறைந்தது வேண்டும் என்றோம். "எல்லாமே லைட் வெயிட்தான் சார்" என்றார். தராசு உண்டா என்றோம், சிரித்தார். நான்கைந்து கருவிகளை மகள் தோளில் மாட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் சுகமாகவே இருந்தது. இரண்டு நிமிடத்தில் எதுவும் தெரியாது என்பதை அன்று நாம் அறிந்திலோம். ஒன்றும் வாங்காமல், இடியாப்பமும் பாயாவும் விற்கும் ஓர் உணவகத்தில் பசியாறித் திரும்பியதே முதற் சனிக்கிழமையின் பயன்.

இரண்டாம் வாரம் பழைய கிட்டாரையும் உடன் எடுத்துச் சென்றோம். ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு அப்பால் உள்ள சந்து ஒன்றில் இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார். ஓராள் அமரும் அளவே உள்ள கடை. சுவரெங்கும் தந்தியில்லாத கிட்டார்கள், தோல் கிழிந்த தபேலா, கைப்பிடி இழந்த வயலின். பெரியவர் நம் கிட்டாரை உறையிலிருந்து எடுக்காமலே ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "நாலு கிலோவுக்கு மேலே இருக்கும். இதை யார் தூக்குகிறது, நீங்களா பாப்பாவா?" என்றார். மகளின் தோளைப் பற்றிச் சொன்னோம். அருகில் கிடந்த முக்காலியைத் துடைத்து, "உட்காரம்மா" என்று அவளை அமர்த்தியபின்தான் பேச்சைத் தொடங்கினார். அவர் சொன்னவற்றையும், அதன்பின் நாம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் சேர்த்தே கீழே தருகிறோம்.

மின்கிட்டார் ஏன் கனக்கிறது? வீணைக்கும் மரக்கிட்டாருக்கும் ஒலியைப் பெருக்குவது உட்குடைவான குடமே. தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள்களால் மின்னாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் முறை வந்தபோது, தொடக்கத்தில் உட்குடைவான கிட்டாரிலேயே அச்சுருளைப் பொருத்தினர். ஆனால் ஒலிபெருக்கியின் ஓசை அக்குடைவுக்குள் மீண்டும் புகுந்து ஊளையிட்டது. ஊளையை அடக்கக் குடைவை நீக்கிவிட்டுக் கட்டி மரத்தாலேயே உடலைச் செய்தனர். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1950இல் விற்பனைக்குக் கொணர்ந்த கிட்டார் அத்தகையது. அதுவே அடுத்த ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. அதைச் செய்தவர்க்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்பது ஒரு வேடிக்கை. கிப்சன் நிறுவனம் 1952இல், லெஸ் பால் என்னும் புகழ்பெற்ற கலைஞரின் பெயரில் ஒன்றை வெளியிட்டது. மகோகனி உடலின்மேல் மேப்பிள் பலகை ஒட்டிய அக்கருவி பொதுவாக நான்கு முதல் நாலரைக் கிலோ இருக்கும். 1970களில் செய்தவற்றுள் ஐந்து கிலோவைத் தாண்டியனவும் உண்டு. நம் மகளின் தேன்நிறக் கிட்டார் அதன் சாயலில் செய்த மலிவுப் பதிப்பே. வாசிப்போர் தோள் வலி பொறாமல் முறையிட்டமையால், 1980களில் அந்நிறுவனமே வெளியே தெரியாதபடி உடலுக்குள் துளையிட்டு எடையைக் குறைக்கலாயிற்று.

இவ்விடத்தில் மனைவியாரின் வீணை நினைவுக்கு வந்தது. வீணை கிட்டாரைவிடப் பெரிது, பலாமரத்தால் ஆனது. ஆயினும் அதன் பாரம் தோளில் விழுவதில்லை. அது தரையிலும் மடியிலும் கிடக்கிறது, தோளில் தொங்குவதில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், தோன்றிய 1969க்கும் மறைந்த 2014க்கும் இடைப்பட்ட குறுகிய வாழ்நாளில், சின்னஞ்சிறு மின்மாண்டலினைக் கருநாடக இசைக்கு ஏற்றதாக்கி உலகையே வியக்கவைத்தார், அமர்ந்துதான் வாசித்தார். கிட்டாரில் கருநாடக இசை வாசித்துப் புகழ்பெற்ற பிரசன்னாவும் மேடையில் சம்மணமிட்டு அமர்பவரே. "நீயும் அமர்ந்தே வாசிக்கலாமே" என்று மகளிடம் சொன்னோம். "நான்கு பேர் நிற்கும்போது நான் மட்டும் எப்படி அப்பா உட்காருவது?" என்றாள். பெரியவரும் அவள் பக்கமே. நியாயந்தான் என்று நமக்கும் பட்டது.

இனி, எடையைக் குறைப்பது எவ்வாறு என்பது. முதலாவது மரம். ஒரு கன மீட்டர் மகோகனி ஏறத்தாழ 550 முதல் 600 கிலோ வரை இருக்கும். ஆல்டர் 450 கிலோ அளவில் நிற்கும். பாஸ்வுட் அதனினும் சற்றுக் குறைவு. பாலோனியா என்னும் மரமோ 300 கிலோவுக்கு மேல் போவது அரிது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் அளவு மென்மையானது. "மெல்லிய மரமென்றால் திருகு பிடிக்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். தோள்வார்க் குமிழ் பிடுங்கிக்கொண்டு வந்தால் கிட்டார் காலில் விழும்" என்று பெரியவர் எச்சரித்தார். இரண்டாவது வடிவம். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் விளிம்புகள் மழுங்கி, வயிறு படும் இடத்தில் பின்புறம் செதுக்கப்பட்டு, கை படும் இடத்தில் முன்புறம் சரிந்து இருக்கும். முந்திய கிட்டாரின் கூரிய விளிம்பு விலாவில் குத்துகிறது என்று கலைஞர்கள் குறைகூறியதால் விளைந்த மாற்றம் அது. அழகுக்காகச் செய்தது என்றே நாம் எண்ணியிருந்தோம்.

மூன்றாவது, சமநிலை. இதைப் பெரியவர் செய்துகாட்டிய முறையை நாம் மறவோம். சுவரில் தொங்கிய ஒரு சிவப்புக் கிட்டாரை எடுத்து மகளின் தோளில் மாட்டினார். மாட்டின் கொம்புபோல் இருபுறமும் வளைந்த மெல்லிய உடல். கிப்சன் நிறுவனம் 1961இல் கொணர்ந்த வடிவத்தின் சாயல். மூன்று கிலோகூட இராது. மகளின் முகம் மலர்ந்தது. "இரண்டு கையையும் விடம்மா" என்றார். விட்டாள். உடனே கிட்டாரின் தலை தரையை நோக்கிச் சாய்ந்தது. உடல் இலேசாகவும் கழுத்து நீளமாகவும் இருந்தால் இவ்வாறு தலை தொங்கும். தொங்கும் தலையை வாசிக்கும்போதெல்லாம் இடக்கையால் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பாரம் தோளுக்கே திரும்பி வரும். "தராசிலே மூன்று கிலோ, தோளிலே ஐந்து கிலோ" என்றார் பெரியவர். எடை குறைந்தது எது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நமக்கு அப்போதுதான் கேள்வியே தவறு என்று விளங்கியது.

தலையே இல்லாத கிட்டாரும் உண்டு. அமெரிக்கரான நெட் ஸ்டைன்பெர்கர் என்பவர் 1980ஆம் ஆண்டையொட்டி, பிரடைகளைக் கழுத்தின் நுனியிலிருந்து எடுத்து உடலின் அடியில் வைத்துச் செய்த முறை அது. தலை இல்லாமையால் தொங்குவதும் இல்லை. ஆனால் அன்று நமக்குக் காட்டப்பட்ட ஒன்றின் விலை நம் கைக்கு எட்டுவதாக இல்லை.

மகளின் விரல்களையும் பெரியவர் அளந்து பார்த்தார். கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் எல்லாவற்றிலும் ஒன்றன்று. ஃபெண்டர் வழியில் வந்தவை பெரும்பாலும் 25½ அங்குலம். கிப்சன் வழியில் வந்தவை 24¾ அங்குலம். 1964இல் வந்த மஸ்டாங் போன்ற சில 24 அங்குலம். நீளம் குறைந்தால் மெட்டுகள் நெருங்கிவரும். ஒரே சுருதிக்குத் தந்தியின் இறுக்கமும் தளரும். முன்னதற்கும் பின்னதற்கும் முக்கால் அங்குல வேறுபாடுதானே என்று எண்ண வேண்டாம். தந்தி ஒன்றாகவே இருந்தால் இறுக்கம் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். சிறுவர்க்கென 22¾ அங்குலத்தில் செய்பவையும் கிடைக்கின்றன. அவை இலேசானவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்று. பதினேழு வயதுப் பெண்ணுக்கு மேல்மெட்டுகளில் விரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தந்தியின் பருமனும் உண்டு. மிக மெல்லிய தந்தி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு உள்ள தொகுதியை மாட்டினால், கமகத்திற்காகத் தந்தியை இழுக்கையில் கைக்கும் தோளுக்கும் நோவு குறையும். வீணையில் மெட்டின்மீது தந்தியை ஒதுக்கி இழுப்பதை வீட்டில் பார்த்து வளர்ந்தவள் ஆதலின் இது அவளுக்கு உடனே புரிந்தது.

இவ்வளவும் சொல்லி முடித்தபின் பெரியவர் பணம் வாங்க மறுத்தார். "வாங்கிக்கொண்டு வாருங்கள், தந்தி மாட்டிக் கொடுக்கிறேன். அப்போது வாங்கிக்கொள்கிறேன்" என்றார். தம்மிடம் இருந்தவற்றுள் ஒன்றை நம் தலையில் கட்ட அவர் முயலவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

மூன்றாம் சனிக்கிழமை, பழையன விற்கும் மற்றொரு கடைக்குச் சென்றோம். கடைக்காரரை அப்பகுதியில் எல்லாரும் பாய் என்றே அழைக்கின்றனர். வீட்டில் உருது, வாடிக்கையாளரிடம் தமிழ், தொலைபேசியில் கன்னடம் எனப் பேசும் சிவாஜிநகர்க்காரர். இம்முறை நாம் நிறம் பற்றிப் பேசவில்லை. "பாய், என் பெண் இதை மாட்டிக்கொண்டு முப்பது நிமிடம் நின்று வாசிக்க வேண்டும். அதற்குப்பின்தான் விலை" என்றோம். அவர் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையனை அழைத்து மூன்று தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

முதலில் எடுத்தது பதினேழு நிமிடத்தில் இறங்கியது. இரண்டாவது, கழுத்து பருத்திருந்தமையால் அவள் சிறுவிரல் ஆறாம் தந்திக்கு எட்டவில்லை. மூன்றாவது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் பாஸ்வுட் மரத்தால் ஆன பழைய கருவி, வெளிறிய நீலம், ஒரு மூலையில் மேற்பூச்சு உதிர்ந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தாள்; தலை அசையாமல் நின்றது. வாசிக்கத் தொடங்கினாள். கடையில் வேறு இருவர் வந்து போயினர். ஒலிபெருக்கியில் வண்டு முரல்வதுபோல் ஓர் ஓசை இருந்துகொண்டே இருந்தது. குழல்விளக்கை அணைத்துப் பார்க்கச் சொன்னோம்; ஓசை குறைந்தது. ஒற்றைச் சுருள் உள்ள கருவிகளின் இயல்பு அது. 1950களின் நடுவில் கிப்சன் பொறியாளர் சேத் லவர், இரு சுருள்களை எதிரெதிர் முறையில் இணைத்து இவ்வோசையை நீக்கும் வழி கண்டார். இக்கருவியிலும் குதிரைக்கு அருகே அத்தகைய இரட்டைச் சுருள் ஒன்று இருந்தது. அதற்கு மாற்றியவுடன் வண்டு அடங்கிற்று.

முப்பது நிமிடம் கழிந்ததை மகள் கவனிக்கவில்லை. நாம்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பத்திரண்டாம் நிமிடத்தில் தேநீர்க் கோப்பையை எடுக்க வந்த பையன், "அக்கா, இன்னொரு பாட்டு" என்றான். அவள் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு நம்மை நோக்கித் தலையசைத்தாள். கட்டிலடியில் கிட்டாரைத் தள்ளிய நாளிலிருந்து அந்த முகத்தை நாம் கண்டதில்லை.

விலை 16,500 ரூபாய் என்றார் பாய். நாம் எடையைக் காட்டச் சொன்னோம். அவரிடமும் தராசு இல்லை. "மார்க்கெட்டில் இல்லாத தராசா சார்?" என்று பையனை நம்மோடு அனுப்பிவிட்டார். ரஸ்ஸல் மார்க்கெட் 1927இல் கட்டப்பட்டு 1933இல் திறக்கப்பட்டது. 2012இல் தீப்பற்றிப் பல கடைகள் எரிந்தும் மீண்டும் எழுந்தது. வாயிலுக்கு அருகே உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தவரிடம் வேண்டினோம். அவர் மின்தராசின் தட்டைத் துணியால் துடைத்து, கிட்டாரைக் குறுக்கே கிடத்தினார். 3 கிலோ 120 கிராம் என்று காட்டியது. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டனர். ஓர் அம்மையார், "கிலோ என்ன விலை?" என்று கேட்டார். மகள் சிரிப்பை அடக்க மாட்டாமல் திரும்பிக்கொண்டாள். (கணக்கிட்டுப் பார்த்தோம்: இறுதியில் பேசி முடித்த 14,000 ரூபாய்க்குக் கிலோ ஏறத்தாழ 4,490 ரூபாய். முந்திரிப் பருப்பும் இவ்வளவு விலை விற்பதில்லை.) அவ்வாறே பழைய கிட்டாரையும் நிறுத்துப் பார்க்க ஆசை எழுந்தது, பின்னர் ஒருநாள் நிறுத்தோம், 4 கிலோ 400 கிராம்.

பெரியவரிடம் திரும்பிச் சென்றபோது மாலையாகிவிட்டது. அவர் கழுத்தின் வளைவைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, அதனுள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவியால் கால் சுற்றுத் திருகினார். மெட்டுகளின் ஓரம் கையைக் கீறாதபடி அரம் கொண்டு தேய்த்தார். மெல்லிய தந்திகளை மாட்டிச் சுருதி கூட்டினார். கடைசியாக, கிட்டாரோடு வந்த ஒன்றரை அங்குல நைலான் வாரைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று அங்குல அகலமுள்ள தோல்வார் ஒன்றை மாட்டினார். "இந்த வார் இரண்டு விரல் அகலம் கூட. பழையது கயிறு மாதிரி ஒரே இடத்தில் அறுக்கும். எலும்பு கூடிய இடத்தில் அது படவே கூடாது பாப்பா, கழுத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவே விழுகிற மாதிரி நீளத்தை வைத்துக்கொள்" என்று அவளுக்கு மாட்டிக் காட்டினார். "சரி தாத்தா" என்றாள். மருத்துவரும் இவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை.

கல்லூரி விழா டிசம்பரில் நடந்தது. நான்கு பேரோடு அவளும் நின்றாள். ஐம்பது நிமிடம். வலி அறவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். மறுநாள் காலை வெந்நீர் ஒற்றடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயினும் கிட்டார் கட்டிலடிக்குப் போகவில்லை. கூடத்து மூலையில் ஒரு தாங்கியில் நிற்கிறது. அம்மூலையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று மகள் ஒருநாள் தாயிடம் சொன்னாள். தாய் மறுமொழி கூறவில்லை. ஆனால் சென்ற ஞாயிறன்று, பரணில் ஏறி ஒட்டடை அடிக்கும்படி நமக்குக் கட்டளை பிறந்தது. வீணையின் மெட்டு மெழுகு வெடித்திருந்தது. அதைச் சீர்செய்பவர் பெங்களூரில் எங்கே இருக்கிறார் என்று அறிந்த அன்பர் எவரேனும் தெரிவித்தால் நன்றியுடையோம்.

தேன்நிறக் கிட்டார் பெரியவரின் சந்துக் கடையிலேயே விற்பனைக்குத் தொங்குகிறது. கருவியில் ஒரு பழுதும் இல்லை, ஒலியும் கனமானதே. வலிய தோளுடைய இளைஞர் எவர்க்கேனும் வேண்டுமானால் சங்க அலுவலகத்தில் கேட்டறியலாம். வாங்குமுன் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு நின்று பார்க்கத் தடையில்லை.